உன் பெயரில் நான் எழுதிய கடிதம்

மகன்,

வியாழக்கிழமை நீ கட்டாருக்கு வேலைக்குப் போகிறாய். உன் பெட்டி முன் அறையில் திறந்தபடி கிடக்கிறது. இரண்டு நீளக் காற்சட்டையும், அப்பா வாங்கித் தந்த சப்பாத்தும் மேலே இருக்கின்றன. நீ வெளியே போயிருக்கிறாய். நான் சாப்பாட்டு மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். போன கிழமை உன்னிடம் ஒன்று கேட்டேன், நினைவிருக்கிறதா? "நம்மட கதைய நான் பேப்பருக்கு எழுதப்போறன் மகன். பேர் ஒண்டும் போடமாட்டன். எழுதட்டா?" என்றேன். நீ போனிலிருந்து தலையைத் தூக்காமல், "உங்கட விருப்பம் அம்மா" என்றாய். என்ன கதை என்று நீ கேட்கவில்லை. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. முப்பத்தொரு வயது மனிதனின் கதையை அவன் அம்மா ஊருக்குச் சொல்லப்போகிறாள், அவனுக்கு அதில் ஒரு கேள்வியும் இல்லை. சோற்றுக்கு மீனா இறைச்சியா என்றாலும் உங்கட விருப்பம். கட்டாரா டுபாயா என்றாலும் உங்கட விருப்பம். அந்தக் கோபம் ஒரு தேத்தண்ணி ஆறும்வரைகூட நிற்கவில்லை. அந்தச் சொல்லை உன் வாயில் வைத்தவள் நான். எப்படி வைத்தேன் என்று உனக்குச் சொல்லவேண்டும், உன்னைப் போல ஒரு பிள்ளையை வீட்டில் வைத்திருக்கிற மற்றத் தாய்மாருக்கும் சொல்லவேண்டும்.

என் வேலை உனக்குத் தெரியும், வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். கற்பிட்டிப் பக்கம், கண்டக்குழிக்குக் கிட்ட, ஒரு சின்னத் தபாற்கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் இருந்தேன். முத்திரை விற்பதும் கடிதம் பிரிப்பதும்தான் சம்பளத்துக்குச் செய்த வேலை. ஊர் என்னிடம் வாங்கிய வேலை வேறு. படகுக்கு லைசன்ஸ் கேட்கிறவர், சமுர்த்தி உதவிப்பணம் வெட்டுப்பட்டவர், பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழைத்தவர் எல்லாரும் கவுண்டருக்கு வந்து, "அக்கா, ஒரு கடிதம் எழுதித் தாங்க" என்பார்கள். அவர்கள் மூன்று வசனம் சொல்வார்கள், நான் இரண்டு பக்கம் எழுதுவேன். எல்லாம் 'நான்' என்றுதான் தொடங்கும். நான் ஒரு ஏழை மீனவன் என்று எழுதியிருக்கிறேன். என் கணவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்றும் எழுதியிருக்கிறேன், உன் அப்பா பக்கத்துக் கதிரையில் இருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே. வாசித்துக் காட்டினால் சிலருக்குக் கண் கலங்கும். தங்கள் கஷ்டம் இவ்வளவு அழகானது என்று அவர்களுக்கு அதுவரை தெரியாது. பிறகு கையெழுத்தையோ பெருவிரலையோ வைத்துவிட்டுப் போவார்கள். எனக்கு அதில் பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

ஒரே ஒருத்திதான் என் கடிதத்தை வேண்டாம் என்றவள். மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்து முகாமில் வாழ்ந்த முஸ்லிம் பெண், என் வயதுதான் இருக்கும். சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு, தன் வாப்பாவின் காணியைக் கேட்டு எழுதவேண்டும் என்று வந்தாள். நான் வழமைபோல உருக்கமாக எழுதிக் கொடுத்தேன். அவள் அதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "நல்ல கடிதம்தான் தங்கச்சி. ஆனா இதில நான் இல்லயே" என்றாள். மடித்து எனக்கே திருப்பித் தந்துவிட்டுப் போனாள். அடுத்த கிழமை ஒரு பதிவுத் தபால் கொண்டுவந்தாள், விலாசம் கோணல் மாணலாக இருந்தது, அவளே எழுதியது. "கொழுப்பு" என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவள் சொன்னது எனக்கு அப்போது விளங்கியிருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது.

நீ படித்ததும் அந்தத் தபாற்கந்தோரில்தான். பள்ளி விட்டதும் நேரே வந்து என் பின்னால் இருந்த சின்ன மேசையில் கொப்பியை விரிப்பாய். என்ன படிக்கவேண்டும், எத்தனை மணி வரை, எந்தக் கணக்கு முதலில் என்று எல்லாவற்றையும் காலையிலேயே ஒரு துண்டில் எழுதி வைத்திருப்பேன். ஒரு பக்கம் முடிந்தால் கொப்பியை நீட்டுவாய். நான் பார்த்துவிட்டு, கந்தோரின் திகதி முத்திரைச் சீலை எடுத்து அந்தப் பக்கத்தின் மூலையில் ஒரு குத்து. அரசாங்கத்துச் சீலை அப்படிப் பாவிக்கக் கூடாதுதான். ஆனால் உன் முகம் மலர்ந்ததே, அதைப் பார்க்க எந்த விசாரணைக்கும் நான் தயாராக இருந்தேன். மூன்றாம் வகுப்பில் விளையாட்டாகத் தொடங்கியது உயர்தரம் வரை போனது. பதினெட்டு வயதில், மீசை முளைத்த பிறகும், நீ கொப்பியை நீட்டிக்கொண்டு நிற்பாய். ஒரு நாள் கவுண்டரில் சனம் கூடிவிட்டது, உன்னைக் கவனிக்க எனக்கு நேரமில்லை. முக்கால் மணித்தியாலம் நீ அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தாய். "ஏன் அடுத்த பக்கத்துக்குப் போகல்ல?" என்று ஏசினேன். "இது சரியா எண்டு நீங்க சொல்லல்லயே" என்றாய். நான் அதைப் பணிவு என்று நினைத்தேன்.

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்தது. நம் ஊரிலிருந்து விஞ்ஞான பீடத்துக்குப் போகிற முதல் பிள்ளை நீ. பங்குத்தந்தை பூசையில் உன் பெயரைச் சொன்னார். ஐஸ் தொழிற்சாலையில் உன் அப்பாவோடு வேலை செய்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து உனக்கு ஒரு கைக்கடிகாரம் தந்தார்கள். இரண்டு பஸ் மாறிப் போய் உன்னை விடுதியில் விட்டுவிட்டு வந்தோம். அங்கே உனக்குத் துண்டு எழுதி வைக்க ஒருவரும் இல்லை. சரியென்று சொல்லவும் ஒருவரும் இல்லை. விரிவுரை ஆங்கிலத்தில். காலையில் எழும்புவதா இல்லையா என்பதே உன் முடிவு. நீ பதினொரு வருடம் கெட்டிக்காரனாக இருந்தாய், ஆனால் ஒரு நாளும் தனியாகப் படித்தவன் இல்லை. முதல் வருடத்தில் ஐந்து பாடம் விழுந்தது. நான் போன் எடுத்தால், "ஓம் அம்மா, படிக்கிறன்" என்பாய். நான் என்ன படித்தாய் என்று கேட்பேன், நீ ஒரு பட்டியல் சொல்வாய். பட்டியல் ஒழுங்காக இருந்ததால் நம்பினேன். நீ அந்த நேரம் விரிவுரைக்கே போகாமல் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

இரண்டாம் வருடத்து விடுமுறைக்கு நீ வேறு ஆளாக வந்தாய். மெலிந்திருந்தாய், ஆனால் கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது. மீன் கழுவிக்கொண்டிருந்த எனக்குப் பக்கத்தில் வந்து குந்தியிருந்து, நீயாகவே கதைத்தாய். பீடத்தில் ஒரு இளம் பெண் விரிவுரையாளர், படிப்பில் தடுமாறுகிற பிள்ளைகளைக் கிழமைக்கு ஒரு நாள் சேர்த்துக் கதைக்கிறாராம். மனம் நோயாகாமல் இருப்பது மட்டும் போதாது, அது தெம்பாக இருப்பதற்கும் பழக்கம் வேண்டும் என்று சொல்கிறாராம். படிக்க முதல் இன்றைக்கு என்ன செய்யப்போகிறேன் என்று நீங்களே எழுதவேண்டும். படிக்கும்போது மனம் எங்கே ஓடுகிறது என்று பார்க்கவேண்டும். முடிந்த பிறகு, எது சரிவந்தது, எது பிழைத்தது என்று உங்களை நீங்களே கேட்கவேண்டும், ஏசாமல் கேட்கவேண்டும். படுக்க முதல் அன்றைக்கு நடந்த நல்லது மூன்றை எழுதவேண்டும். "சந்தோசப்படவும் கம்பசில பாடம் வச்சிருக்காங்களா?" என்று கேட்டுச் சிரித்தேன். நீ கோபிக்கவில்லை. "இல்ல அம்மா, மிஸ் சொல்றா, நம்பிக்கை எண்டா சும்மா நல்லது நடக்கும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறது இல்லயாம். போய்ச் சேர ஒரு இடம் வேணுமாம். அதுக்கு ரெண்டு மூண்டு பாதை தெரியவேணுமாம். என்ட காலால நடப்பன் எண்டு நினைக்கவேணுமாம்" என்றாய். "நம்பிக்கை கோயில்ல இருக்கு, நீ பாடத்தப் படி" என்று சொல்லிவிட்டு மீனைச் சட்டியில் போட்டேன்.

அடுத்த நாள் நீ கடற்கரைக்குப் போன நேரம் உன் பையிலிருந்து அந்தக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். இதை நான் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. நல்லது மூன்று என்று ஒவ்வொரு நாளும் எழுதியிருந்தாய். 'நானே எழும்பினேன், ஒருவரும் எழுப்பவில்லை.' 'ஒரு கணக்குப் பிழைத்தது, எந்த இடத்தில் பிழைத்தது என்று நானே கண்டுபிடித்தேன்.' 'கண்டீனில் பருப்பு நன்றாக இருந்தது.' உன் எழுத்து சின்ன வயதில் போல உருண்டையாக இல்லை, ஓடியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பென்சிலை எடுத்து எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். நாளைக்கு இரண்டு மணித்தியாலம் என்று நீ போட்டிருந்த இடத்தில், நான்கு மணித்தியாலம் முடியும் என்று எழுதினேன். பருப்புக்குக் கீழே, இதெல்லாம் ஒரு நல்லதா என்று எழுதினேன். நீ வந்து பார்த்தாய். அந்த விடுமுறை முடியும்வரை கொப்பியை வெளியே எடுக்கவில்லை. நான் உனக்கு உதவி செய்துவிட்டேன் என்ற திருப்தியோடு உன்னைப் பஸ் ஏற்றிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து உன் பெயருக்குப் பதிவுத் தபால் ஒன்று வந்தது. வீட்டு விலாசம் போட்டிருந்தது. நீ விடுதியில். அதன் மேல் விடுதி விலாசத்தை எழுதி அடுத்த தபாற்பையில் போட எனக்கு இரண்டு நிமிடம் போதும், வாழ்க்கை முழுக்கச் செய்த வேலை. சேவையில் சேர்ந்ததிலிருந்து அன்றுவரை மற்றவருடைய கடிதம் ஒன்றையும் நான் பிரித்ததில்லை. மத்தியானம் சாப்பிட வந்த அப்பாவிடம் காட்டினேன். அவர் உறையைத் தொடக்கூட இல்லை. "அவன்ட கடிதத்த அவனுக்கு அனுப்பு" என்றார். "அவனுக்கு என்ன தெரியும்?" என்றேன். பதிவுத் துண்டில் உன் பெயரைக் கையெழுத்தாக வைத்தேன். பிரித்தேன். வரவு போதாது, பாடங்கள் நிலுவையில் இருக்கின்றன, பதினான்கு நாளுக்குள் காரணம் எழுதி விளக்கவேண்டும், இல்லாவிட்டால் பதிவு நீக்கப்படும் என்று இருந்தது. அந்தப் பயத்திலும் எனக்குள் ஒரு சுறுசுறுப்பு வந்தது மகன், அதை மறைத்து என்ன பயன். இதை எப்படி எழுதவேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அன்று பின்னேரமே எழுதினேன். நல்ல ஆங்கிலத்தில், மரியாதையான சொற்களில், 'நான்' என்று தொடங்கி. நான் கடும் டெங்குக் காய்ச்சலால் பாதிக்கப்பட்டேன், அதன் பிறகு நீண்ட நாள் பலவீனமாக இருந்தேன், என் பெற்றோர் வறியவர்கள், எனக்குக் கருணை காட்டுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு டொக்டர், பல வருடப் பழக்கத்துக்காக, நான் கேட்ட திகதிகளைப் போட்டுச் சான்றிதழ் தந்தார். உன் கையெழுத்தை மூன்று தரம் எழுதிப் பழகி, நாலாவது தரம் வைத்தேன். என் கையாலேயே பையில் போட்டு அரக்கால் மூடினேன். உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் குழம்பிவிடுவாய், பரீட்சை நேரம் என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் உனக்குச் சொல்லவேண்டும் என்ற யோசனையே எனக்கு வரவில்லை. சிறு வயதிலிருந்தே உன் காரியம் எதிலும் உன்னைக் கேட்டுப் பழகாதவள் நான்.

அடுத்த மாதம் நீ ஒரு பையோடு வீட்டுக்கு வந்தாய். "முடிஞ்சுது" என்றாய், அவ்வளவுதான். எதற்கு நீக்கினார்கள் என்று நான் கேட்கவில்லை. என் கடிதத்தைப் பற்றி நீ கேட்பாயோ என்று நாள் முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன். நீ கேட்காமல் விட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. தாய்க்கு வரக்கூடாத நிம்மதி அது. ஊருக்கு என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். டெங்கு வந்து படிப்புக் கெட்டுப்போச்சு என்றேன். எத்தனையோ பேர் உன்னிடமே வந்து, "டெங்கு கூடாத வருத்தம் தம்பி" என்றார்கள், நீ ஓம் என்று தலையாட்டினாய். காற்றுக்காலத்தில் வெள்ளைக்காரர்கள் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வருகிற விடுதி ஒன்றில் சாமான் அறையைப் பார்த்துக்கொள்கிற வேலைக்குச் சேர்ந்தாய். உன் முதலாளி ஒவ்வொரு நாள் காலையிலும் என்ன செய்யவேண்டும் என்று எழுதிக் கொடுப்பாராம், நீ அச்சொட்டாகச் செய்வாயாம். இப்படி ஒரு வேலைக்காரன் கிடைக்கமாட்டான் என்று அவர் என்னிடம் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. எட்டு வருடம் அப்படிப் போனது. நாடு கவிழ்ந்து சனம் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம் விடுதியும் மூடப்பட்டது.

போன மாதம் நீ கட்டார் வேலைக்கான மெடிக்கலுக்குக் கொழும்பு போயிருந்த நாள் ஒரு பெண் வீட்டைத் தேடி வந்தார். குடும்பத்தோடு டொல்பின் பார்க்க வந்தவராம், இந்த ஊர் என்றதும் உன் நினைவு வந்து விசாரித்து வந்தாராம். "நான் அவருக்குப் படிப்பிச்சனான் அம்மா" என்றார். உன் மிஸ்தான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. நான் வெறும் தேத்தண்ணி கொடுத்தேன். டெங்குக் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கதையை விட்டுவிட்டேன். நான் ஓய்வு பெற்றுவிட்டேனா என்று கேட்டுக்கொண்ட பிறகு அவர் எல்லாம் சொன்னார் மகன். அந்தப் பதிவுத் தபாலின் விபரம் பீடத்து அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்பட்டிருந்ததாம். அதைப் பார்த்து நீயாகவே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தாயாம், தமிழில், ஒரே ஒரு பக்கம். "அவர் எழுதினத நான் இன்னும் மறக்கேல்லை" என்று சொல்லிக் காட்டினார். 'எனக்கு நோய் வருத்தம் ஒன்றும் இருக்கவில்லை. எனக்குத் தனியாகப் படிக்கத் தெரியாது என்பது இந்த வருடம்தான் எனக்குத் தெரிந்தது. இப்போது பழகிக்கொண்டிருக்கிறேன். ஐந்து பாடத்தையும் திரும்ப எடுக்க ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். இதோடு இணைத்திருக்கிறேன்.' பீடத்துச் சபையில் எல்லாருக்கும் அது பிடித்திருந்ததாம். இன்னொரு தவணை தருவதாகத்தான் இருந்தார்களாம்.

அப்போது அலுவலகத்திலிருந்து என் கடிதத்தைக் கொண்டுவந்து உன் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். ஒன்றில் வருத்தமே இல்லை, மற்றதில் டெங்கு. இரண்டிலும் உன் கையெழுத்து. இதை யார் எழுதினது என்று கேட்டார்களாம். நீ அந்தத் தாளை வாங்கி வாசித்தாயாம். என் எழுத்து உனக்குத் தெரியாதா? "நான்தான் சேர். ரெண்டையும் நான்தான் எழுதினன்" என்றாயாம். பொய்ச் சான்றிதழ் கொடுத்த குற்றத்துக்கு உன்னை நீக்கினார்கள். வெளியே வந்து மிஸ் உன்னைப் பிடித்து உலுப்பிக் கேட்டிருக்கிறார். "அம்மா தபாற்கந்தோர்ல வேல செய்றவ மிஸ். நான் உண்மையச் சொன்னா அவட வேல போயிடும், பென்சனும் போயிடும். நீங்களும் சொல்லவேணாம்" என்றாயாம். மிஸ் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நீங்களா யோசிச்சு முடிவெடுங்கோ எண்டு ஒவ்வொரு கிழமையும் சொல்லிக் குடுத்தது நான்தான். அவர் எனக்கு முன்னால முதல் முறையா அப்பிடி ஒரு முடிவு எடுத்து நிக்கிறார். நான் எப்பிடி அம்மா மறுக்கிறது?" அவர் அழுதார். நான் அழவில்லை.

நீ கொழும்பிலிருந்து வந்த அன்று நான் உனக்குச் சோறு போட்டேன், மிஸ் வந்ததைச் சொல்லவில்லை. அடுத்த கிழமை மாமி வீட்டுக்குப் போகிறோம் என்று உன்னிடம் பொய் சொல்லிவிட்டு அப்பாவும் நானும் பல்கலைக்கழகத்துக்குப் போனோம். நான் இப்போது ஓய்வில் இருக்கிறேன், பென்சனைப் பிடுங்கினாலும் பிடுங்கட்டும் என்று எல்லாவற்றையும் ஒரு அதிகாரியிடம் சொன்னேன். பதிவுத் துண்டில் வைத்த பொய்க் கையெழுத்து உட்பட. அவர் நல்ல மனிதர். கதிரை போட்டு இருத்தி முழுக்கக் கேட்டார். "நீங்க சொல்றத நான் நம்புறன் அம்மா. ஆனா பதிஞ்ச ஒருவர் இத்தனை வருசத்துக்குள்ள பட்டத்த முடிக்கோணும் எண்டு சட்டம் இருக்கு. அது தாண்டிட்டுது. அவர்ட பேரில இருக்கிற குற்றத்த வேணுமெண்டா மறுபடி விசாரிக்கலாம். அதால அவருக்கு இனி என்ன வரப்போகுது?" என்றார். திரும்பி வரும்போது பாலாவியில் பஸ் நின்ற இடத்தில் அப்பா, "நான் அண்டைக்கே சொன்னன்" என்றார். அதன் பிறகு அவர் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை. நீ அதைக் கவனித்திருப்பாய், காரணம் இதுதான்.

இப்படியான கடிதத்தில் பெற்றவர்கள் புத்தி சொல்வார்கள், எனக்கு அந்த உரிமை இல்லை. உன்னை மன்னிக்கச் சொல்லியும் கேட்கப்போவதில்லை. கேட்டால் நீ உங்கட விருப்பம் என்பாய். அந்த மிஸ் சொல்லித் தந்த முறை உன்னை நிச்சயமாகக் கரை சேர்த்திருக்கும் என்றும் நான் சொல்லமாட்டேன். அந்த ஐந்து பாடமும் உனக்குத் திரும்ப விழுந்திருக்கலாம். ஆனால் அது நீ எழுதி, நீ விழுந்ததாக இருந்திருக்கும், ஏன் விழுந்தாய் என்று நீயே கண்டுபிடித்திருப்பாய். மீன் கழுவிய இடத்தில் நீ சொன்ன மூன்றையும் இந்த நாட்களில் நான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். போய்ச் சேர ஒரு இடம் உனக்கு இருந்தது. அதற்குப் பாதையை நீயே கீறி, தாளில் இணைத்திருந்தாய். நடப்பேன் என்றும் எழுதியிருந்தாய். எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு பக்கம்தான் இருந்திருக்கிறது, அதன் மேல் நான் என் இரண்டு பக்கத்தைக் கொண்டுபோய் வைத்தேன். தாய்மாரே, பிள்ளைக்கு எழுதத் தெரியாவிட்டால் அது எழுதத் தெரியாமலே இருக்கட்டும். கோணல் மாணலாக எழுதட்டும். பேனையைப் பிடுங்காதீர்கள். இதைச் சொல்லுகிற நான் நேற்று என்ன செய்தேன் என்பதையும் கேளுங்கள்.

கட்டாரில் உனக்கு வேலை தருகிற கம்பனிக்கு அனுப்பவேண்டிய படிவத்தில் கடைசியாக ஒரு வெறும் பக்கம் இருந்தது. உங்களைப் பற்றி எழுதுங்கள், ஏன் இந்த வேலைக்கு வருகிறீர்கள், இன்னும் ஐந்து வருடத்தில் எங்கே இருக்க விரும்புகிறீர்கள் என்று கேட்டிருந்தது. சனிக்கிழமை நீ அதை என்னிடம் கொண்டுவந்து, "அம்மா, இத நீங்க எழுதிடுங்க, நான் சைன் வைக்கிறன்" என்றாய். "இல்ல மகன், நீயே எழுது. எது வந்தாலும் பரவாயில்ல, நான் பாக்கவும் மாட்டன்" என்று சொல்லி உன் முன்னால் வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்விட்டேன். அங்கே நின்று செபித்தேன். ஒரு வசனமாவது எழுதிவிடு, பிழை பிழையாக எழுதிவிடு என்று செபித்தேன். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு எட்டிப் பார்த்தேன். பேனையைப் பிடித்தபடி இருந்தாய். கொஞ்சம் கழித்துப் பார்த்தேன், பேனை மூடியிருந்தது. நேற்றுக் காலையில் ஏஜென்சிக்காரர் போன் எடுத்தார், பின்னேரத்துக்குள் படிவம் வராவிட்டால் வியாழக்கிழமைப் பயணம் நின்று இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றார். பக்கம் வெறுமையாகவே மேசையில் கிடந்தது. உன்னைப் பார்த்தேன். "எனக்கு ஒண்டும் வரல்ல அம்மா. என்ன எழுதிறது எண்டு தெரியல்ல" என்றாய். சாட்டுச் சொல்லவில்லை நீ, மெய்யாகவே உனக்கு ஒன்றும் வரவில்லை. அதனால் நான் கதிரையில் இருந்து எழுதினேன். நான் நேர்மையானவன், கடுமையாக உழைப்பவன், ஐந்து வருடத்தில் ஒரு மேற்பார்வையாளராக உயர விரும்புகிறேன். அழகாகத்தான் வந்தது. வாசித்துப் பார் என்று உன்னிடம் நீட்டினேன். எங்கே கையெழுத்து வைப்பது என்று கேட்டாய், நான் விரலால் காட்டினேன், நீ வாசிக்காமலே வைத்தாய்.

அம்மா